நாற்பது கதைகளோடு நின்ற டோரா: கோடை விடுமுறையில் குழந்தைகளுடன் பார்ப்பது எப்படி?

வேலூரில் கத்திரி வெயில் தொடங்கிவிட்டால், காலை பத்து மணிக்கு மேல் பிள்ளைகளைத் தெருவில் விளையாட அனுப்ப முடியாது. வெயில் தாழும் வரை அவர்கள் தொலைக்காட்சியின் முன்தான் உட்காருவார்கள். அதைத் தடுக்கப் போராடுவதைவிட, எதைப் பார்ப்பது, எவ்வளவு பார்ப்பது, பார்த்ததைக் கொண்டு என்ன செய்வது என்பதைப் பெரியவர்கள் முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது நல்லது. இதற்கு முடிவே இல்லாமல் நீளும் தொடர்களைவிட, சில காலமே ஓடி நின்றுபோன ஒரு கிளைத்தொடர்தான் ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. தொடங்கிய ஒன்றை முடித்துவிட்டு எழுந்திருக்கும் பழக்கம் பிள்ளைக்கு அதனால் வருகிறது.

அத்தகைய தொடர்தான் 'டோரா அண்ட் ஃப்ரெண்ட்ஸ்: இன்டு தி சிட்டி'. சுட்டி டிவியில் 'டோராவின் பயணங்கள்' பார்த்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு டோராவையும் அவளுடைய குரங்குத் தோழன் புஜ்ஜியையும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அமெரிக்கக் குழந்தைகள் தொலைக்காட்சியான நிக்கலோடியன் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய அந்த மூலத்தொடரிலிருந்து கிளைத்த இத்தொடர், 2014 ஆகஸ்டு 18 அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பைத் தொடங்கி, இரண்டு பருவங்களில் (சீசன்களில்) 40 கதைகளோடு 2017 பிப்ரவரியில் நின்றுவிட்டது. நாளுக்கு ஒரு கதை என்று வைத்துக்கொண்டால் ஒரு கோடை விடுமுறைக்குள் ஏறத்தாழ முழுத் தொடரையும் பார்த்து முடித்துவிடலாம்.

பார்க்கத் தொடங்குமுன் பிள்ளையிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். இந்த டோரா வேறு வயதினள். மூலத்தொடரில் ஏழு வயதுச் சிறுமியாக இருந்தவள், இங்கே பத்து வயதில் பிளாயா வெர்டே என்ற நகரத்தில் வசிக்கிறாள். வழக்கமாகப் பக்கத்தில் ஓடிவரும் புஜ்ஜி இல்லை; பேசும் முதுகுப் பையும் இல்லை; சுருள் வரைபடத்துக்குப் பதிலாக அவளுடைய அலைபேசியில் ஒரு வரைபடச் செயலி பேசுகிறது; கையில் மாயவளையல் ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லாமல் காட்டினால், புஜ்ஜி எப்போது வருவான் என்று கேட்டே பிள்ளை முதல் கதையைக் கோட்டைவிட்டுவிடும். டோராவும் உன்னைப் போலவே வளர்ந்துவிட்டாள் என்று சொல்லிப் பாருங்கள், ஆறு ஏழு வயதுப் பிள்ளைகள் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொள்வார்கள். மூன்று நான்கு வயதுக் குழந்தைகளுக்குப் பழைய டோராவே போதும்.

இனி பார்க்கும் முறை. தொடரின் உரிமையாளர்கள் முறையாக வெளியிட்டிருக்கும் இடத்திலிருந்தே பாருங்கள். யாரோ வெட்டி ஒட்டி வேகத்தைக் கூட்டிப் போட்ட துண்டுகளில், இத்தொடரின் உயிரான ஒரு பகுதி சிதைந்துபோயிருக்கும். டோரா கேள்வி கேட்டுவிட்டுத் திரையிலிருந்து பிள்ளையை நேராகப் பார்த்துக் காத்திருக்கும் அந்தச் சில நொடி மௌனத்தைத்தான் சொல்கிறேன். அந்த இடைவெளி பிள்ளை வாய்திறந்து பதில் சொல்வதற்காகவே வைக்கப்பட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவோ தாத்தாவோ அந்த நொடிகளில் முந்திக்கொண்டு விடை சொல்லிவிடக் கூடாது. பிள்ளைக்கு இன்னும் நேரம் வேண்டுமென்றால் ரிமோட்டால் நிறுத்தி வையுங்கள். அடுத்த கதை தானாகவே ஓடும் வசதியை முதல் நாளே அணைத்துவிடுங்கள். அது ஓடிக்கொண்டிருக்கும் வரை எந்தக் கட்டுப்பாடும் செல்லாது.

ஆங்கில ஒலியில் பார்க்க நேர்ந்தால், ஒவ்வொரு வசனத்தையும் மொழிபெயர்த்துக்கொண்டே போகாதீர்கள், கதை அறுந்துபோகும். கதை முடிந்த பிறகு, நடந்ததைத் தமிழில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளை விட்டுவிடும் இடங்களைப் பார்த்தாலே எது புரியவில்லை என்று தெரிந்துவிடும்.

டோராவின் தோழர் குழுவில் எம்மா, கேட், நையா, அலானா, பாப்லோ என ஐவர் இருக்கிறார்கள். எம்மாவுக்கு இசை, கேட்டுக்கு நாடகம், அலானாவுக்கு விலங்குகள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டம் உண்டு. மூலத்தொடரில் டோராவே முன்நின்று செய்த வேலையை இங்கே இவர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். கிளைத்தொடரில் எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இதுதான். தெருப் பிள்ளைகள் நான்கைந்து பேர் சேர்ந்து பார்த்தால், யாருக்கு எது நன்றாக வரும் என்று அவர்களே பேசி முடிவு செய்யட்டும். பின்னால் இது தேவைப்படும்.

முதல் வாரம் முடிந்ததும் வரைபடத்தைக் கையில் எடுங்கள். பழைய டோராவில் வரைபடம் மூன்று இடங்களை வரிசையாகச் சொல்லும், பிள்ளைகளும் சேர்ந்து சொல்வார்கள். அந்த முறையையே வைத்துக்கொண்டு, கிழித்த மாதக் காலண்டர் தாளின் பின்புறத்தில் வேலூர்க் கோட்டையை வரையச் சொல்லுங்கள்: அகழி, ஜலகண்டேஸ்வரர் கோயில், அருங்காட்சியகம். பெரும்பாலான பிள்ளைகள் முதலில் நீல வண்ணத்தில் அகழியைச் சுற்றிலும் முழுதாக இழுத்து மூடிவிடுவார்கள். "சரி, நீ எப்படி உள்ளே போவாய்?" என்று மட்டும் கேளுங்கள். சற்று நேரம் தாளை உற்றுப் பார்த்துவிட்டு, அகழியின் குறுக்கே பழுப்பு நிறத்தில் ஒரு பாதையைத் தாங்களே போட்டுவிடுவார்கள். திருத்திக் கொடுத்துவிட்டால் அந்த மகிழ்ச்சி போய்விடும்.

பிறகு ஒரு நாள், வெயில் தாழ்ந்த மாலையில், அந்தத் தாளோடு கோட்டைக்குப் போங்கள். அருங்காட்சியகத்தின் நேரத்தையும் விடுமுறை நாளையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். அலைபேசி பெரியவர்கள் பையிலேயே இருக்கட்டும், வழியைத் தாளும் பிள்ளையும் சொல்லட்டும். விஜயநகரக் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில் எழுந்த கோட்டை இது என்பதையும், 1806 ஜூலை 10 அன்று இங்கே சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்தார்கள் என்பதையும் இரண்டு வரியில் சொன்னால் போதும். கோயிலின் கல்யாண மண்டபத்தில் மட்டும் அவசரப்படுத்தாதீர்கள். தூண்களில் பாயும் குதிரைகளையும் யாளிகளையும் பார்த்து டோராவைப் போலக் கேள்வி கேளுங்கள்: இந்த யாளிக்கு எந்த விலங்கின் முகம்? பற்கள் எங்கே? கேட்டுவிட்டுக் காத்திருங்கள். ஆரணியிலோ குடியாத்தத்திலோ இருப்பவர்கள் இதற்காக வேலூர் வரவேண்டியதில்லை. தறி ஓடும் தெரு, தேரடி, சந்தை என்று தங்கள் ஊரிலேயே மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளலாம்.

தொடர் முடிந்ததும் பிள்ளை இன்னும் வேண்டுமென்று கேட்கும். வேறு தொடரைத் தேடித் தராமல், நாற்பத்தொன்றாவது கதையை அவர்களையே செய்யச் சொல்லுங்கள். ஊரில் நடக்கும் ஒரு சிக்கல், கடக்க வேண்டிய மூன்று இடங்கள், ஒவ்வொருவர் திறமைக்கும் ஒரு வேலை, இடையிடையே பார்ப்பவர்களிடம் கேட்கும் கேள்வி ஆகிய நான்கும் இருந்தால் போதும். உதாரணமாக, இலவம்பாடியிலிருந்து நேதாஜி மார்க்கெட்டுக்குக் கிளம்பிய முள்ளுக்கத்திரிக்காய் மூட்டை வழியில் காணாமல் போய்விடுகிறது. மாலைக்குள் கல்யாண வீட்டுச் சமையலுக்கு அது போய்ச்சேர வேண்டும். பாடத் தெரிந்தவள் பாட்டுக் கட்டட்டும், கணக்குத் தெரிந்தவன் மூட்டைகளை எண்ணட்டும், படம் வரைபவர் வழியைப் போடட்டும்.

இதை ஒரு மாலை வீட்டுப் பெரியவர்கள் முன்னால் நடிக்கச் சொல்லுங்கள். பிள்ளை கேள்வி கேட்டுவிட்டு நிறுத்தும்போது, பாட்டி முதல் பக்கத்து வீட்டு அண்ணன் வரை எல்லோரும் வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும் என்பதை முன்கூட்டியே அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.