நில உபயோக மாற்ற அறிவிப்பு: 21 நாளில் ஆட்சேபணை மனு எழுதுவது எப்படி?

நாளிதழின் உள்பக்கத்தில், டெண்டர் விளம்பரங்களுக்கு நடுவே, கையகலத்தில் ஒரு கட்டம் வரும். மேலே சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், அதாவது சி.எம்.டி.ஏ. என்ற பெயர். கீழே கிராமம், சர்வே எண், பரப்பு, இப்போதைய நில உபயோகம், கேட்கப்படும் நில உபயோகம். கடைசியில், ஆட்சேபணையோ ஆலோசனையோ இருந்தால் 21 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்று ஒரு வரி.

அந்த ஒரு வரிதான் தெருக்காரர்களுக்குக் கிடைக்கிற வாசல். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நிலம் 'விவசாயம்' என்பதிலிருந்து 'குடியிருப்பு' என்றோ, 'குடியிருப்பு' என்பதிலிருந்து 'வணிகம்' என்றோ மாறிவிட்ட பிறகு கட்டடத்துக்குத் திட்ட அனுமதி கேட்கும்போது அக்கம்பக்கத்தாரின் கருத்தை யாரும் கேட்பதில்லை. விதிப்படி வரைபடம் இருந்தால் அனுமதி கிடைத்துவிடும். நாம் பேச வேண்டிய நேரம் அதற்கு முன்னால், இந்த 21 நாட்கள்தான்.

படி 1: எந்த நிலம் என்று உறுதி செய்யுங்கள்

அறிவிப்பில் தெருப்பெயர் இருக்காது, சர்வே எண்தான் இருக்கும். தமிழ்நாடு அரசின் இ-சேவைகள் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் 'அ' பதிவேட்டு விவரமும் (நிலம் யாருடையது, என்ன வகை என்ற வருவாய்த் துறைப் பதிவு) புலப்படமும் (நிலத்தின் எல்லை, அளவுகளைக் காட்டும் வரைபடம்) கிடைக்கும். பக்கத்து சர்வே எண்களையும் சேர்த்துப் பாருங்கள். ஓடை, வாய்க்கால், ஏரி என்று புறம்போக்காகப் பதிவாகியிருக்கும் துண்டு ஒட்டி இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் மனுவுக்கு இதுதான் முதுகெலும்பு.

படி 2: இப்போது என்ன உபயோகம்?

சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) 2008-இல் வந்தது, 2026-ஐ இலக்காக வைத்தது. ஒவ்வொரு நிலத்தையும் ஆதாரக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில், விவசாயம், திறந்தவெளி என்று அது பிரிக்கிறது. பள்ளிக்கரணை சதுப்பு நிலம், செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதி, கடற்கரையோர நிலத்தடி நீர்ப் பகுதி போன்றவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. உங்கள் நிலம் அதற்குள்ளோ அருகிலோ வருகிறதா என்று பாருங்கள்.

கேட்கப்படும் உபயோகம் கிடைத்தால் என்னவெல்லாம் எழும்பலாம் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி உயரம் 18.30 மீட்டருக்கு மேல் போனால் அது உயர் மாடிக் கட்டடம். அதற்குத் தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவு, 3.25 வரை, மற்றவற்றுக்கு 2. கட்டணம் கட்டினால் சாலை அகலத்தைப் பொறுத்து இன்னும் 30 முதல் 50 சதவீதம் வரை கூடுதலாகக் கட்டலாம். இன்று காலி மனையாகத் தெரிவதை இந்தக் கண்ணோடு பாருங்கள்.

படி 3: நேரில் போய் நில்லுங்கள்

இதற்குத்தான் அதிக நாள் ஒதுக்க வேண்டும். கோப்பில் இருப்பது வரைபடம். மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் பக்கம் போகிறது என்பது அங்கே குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அந்த இடத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது? எத்தனை நாள்? வீடு வீடாகக் கேளுங்கள். செல்போனில் அந்த நாட்களின் படங்களைத் தேதியோடு வைத்திருப்பார்கள். மதில் சுவரில் தண்ணீர்க் கறை இன்னமும் இருந்தால், டேப்பை வைத்து அளந்து படம் எடுங்கள். முப்பது, நாற்பது வருடமாக அங்கே இருக்கும் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். மூடப்பட்ட வாய்க்கால் எங்கே ஓடியது என்று கை காட்டுவார்கள். அதைப் புலப்படத்தோடு ஒத்துப் பாருங்கள். இரண்டும் பொருந்தினால் உங்கள் கையில் வலுவான ஆதாரம் இருக்கிறது.

அப்புறம் சாலை. மதிலிலிருந்து மதில் வரை, மிகக் குறுகலான இடத்தில் அளக்க வேண்டும். வாசலில் அகலமாகவும் முனையில் ஒடுங்கியும் இருக்கிற தெருக்கள் நம்மூரில் நிறைய. ஆம்புலன்ஸோ தீயணைப்பு வண்டியோ திரும்ப முடியாத முனை இருந்தால் அதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: மனு எழுதுங்கள்

எங்கள் தெருவில் முதல் முறை எழுதிய மனுவில் நாற்பதுக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் இருந்தன, சர்வே எண் இல்லை. 'எங்கள் பகுதியின் அமைதி கெடும்' என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தோம். எண் இல்லாத மனுவை எந்தக் கோப்பில் சேர்ப்பது? அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன். இந்த மாதிரி எழுதுங்கள்:

*பெறுநர்: உறுப்பினர் செயலர், சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், தாளமுத்து நடராசன் மாளிகை, எழும்பூர், சென்னை 8.*

*பொருள்: ____ கிராமம், சர்வே எண் ____, நில உபயோக மாற்றம், ஆட்சேபணை தெரிவித்தல் தொடர்பாக.*

*பார்வை: ____ நாளிதழில் ____ தேதியில் வெளியான அறிவிப்பு.*

*ஐயா/அம்மா, மேற்படி நிலத்தின் தெற்கு எல்லையை ஒட்டிச் செல்லும் வாய்க்கால் எங்கள் நான்கு தெருக்களுக்கும் ஒரே வடிகால் (இணைப்பு 1: புலப்படம்). 2023 டிசம்பரில் இந்த நிலத்தில் மூன்றடி தண்ணீர் இரண்டு நாட்கள் நின்றது (இணைப்பு 2: படங்கள்). அணுகுசாலை மிகக் குறுகலான இடத்தில் 6.2 மீட்டர் (இணைப்பு 3).*

ஒரு பத்திக்கு ஒரு காரணம், ஒரு காரணத்துக்கு ஓர் ஆதாரம். விண்ணப்பித்தவரைப் பற்றி எதுவும் எழுதாதீர்கள். நம் பேச்சு நிலத்தைப் பற்றியது.

அறிவிப்பு ஆலோசனையும் கேட்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மாற்றம் வந்தே தீரும் என்று தோன்றினால், வாய்க்காலின் முழு அகலத்தையும் விட்டுவிட வேண்டும், அதன் மேல் மூடி போடக் கூடாது என்று நிபந்தனை கேளுங்கள். வெறும் 'வேண்டாம்' என்பதைவிட இது சில நேரம் அதிகம் காப்பாற்றும்.

குடியிருப்போர் நலச் சங்கத்தின் பெயரில் ஒன்று, வீடுகளின் பெயரில் தனித்தனியாகச் சில என்று அனுப்பலாம். ஆனால் ஒரே வாசகத்தை நகலெடுத்து ஐம்பது அனுப்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒவ்வொருவரும் தாங்கள் பார்த்ததை எழுதட்டும்.

படி 5: கொடுத்ததற்கு அத்தாட்சி

நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தபால் என்றால் பட்டுவாடா அத்தாட்சியுடன் விரைவுத் தபால் (ஸ்பீட் போஸ்ட்). கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம். வார்டு உறுப்பினரிடமும் ஒரு நகல் கொடுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கோப்பைக் கேட்டு, பதில் வந்ததும் மனு எழுதலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அதற்கான பதிலுக்குச் சட்டம் தரும் அவகாசம் 30 நாட்கள், நமக்கு இருப்பது 21. அதனால் முதலில் மனுவைக் கொடுத்துவிடுங்கள். பிறகு 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் மனு போட்டு, உங்கள் ஆட்சேபணைமீது என்ன குறிப்பு எழுதப்பட்டது, எந்தக் கூட்டத்தில் அது வைக்கப்பட்டது, கூட்டக் குறிப்பின் நகல் ஆகிய மூன்றையும் கேளுங்கள். முத்திரையிட்ட நகலையும் அதோடு இணைத்துவிடுங்கள்.