கிணற்று நீரும் பக்கத்துக் கீரைத் தோட்டமும்: என் அனுபவம்

மாதவரத்தில் எங்கள் கிணற்று நீரை அல்லித் தொட்டியில் ஊற்றினால் மூன்றே நாளில் பாசி பிடித்துப் பச்சையாகிவிடும். பிளீச்சிங் பவுடர் போட்டேன். மேல்நிலைத் தொட்டியை இரண்டு முறை கழுவினேன். பயனில்லை. குடிக்கக் காய்ச்சியது பெரிய தவறு: நீர் ஆவியாகும், அதில் கரைந்திருந்த நைட்ரேட் (பாசியை வளர்க்கும் தழைச்சத்து உப்பு) தங்கிச் செறிவு கூடும்.

மழைநீர் பிடித்த வாளி மட்டும் தெளிவாகவே நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் பரிசோதனைக்குக் கொடுத்தேன். நைட்ரேட் லிட்டருக்கு 82 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தர வரம்பு 45. நிறமோ வாசனையோ இல்லை, ஆனால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து.

பக்கத்துத் தோட்டத்தில் கீரைக்கு யூரியா போட்டதும் நிறையத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். வேர் எடுத்தது போக மீதி நிலத்தடிக்கு இறங்கும். யூரியாவையே நினைத்துக்கொண்டிருந்த நான் கவனிக்கத் தவறியது, வேலியோரம் கிணற்றிலிருந்து பத்தடியில் கிடந்த எருக்குவியல். ஒவ்வொரு மழைக்கும் அதன் சாறு கறுப்பாக எங்கள் பக்கம் கசிந்திருக்கிறது!

"ஐயா, குவியலை மறுகோடிக்கு மாற்ற முடியுமா?" என்று தோட்டக்காரரிடம் கேட்டேன். அன்றே மாற்றி, தார்ப்பாயும் போட்டார். யூரியாவையும் சிறுசிறு தவணையாக, மழை இல்லாத நாளில் போடுகிறார். மழைக்காலம் முடிந்து பரிசோதித்தபோது 41. நிம்மதி. அதுவரை குடிக்க ஆர்.ஓ. நீர்தான்.