பாதியில் சேர்கிறீர்களா? இரண்டே அத்தியாயம் போதும்

மொழி அறிவியல் புத்தகத்தைக் கூட்டாக வாசிக்கும் குழுவில் நடுவில் சேர்ந்தால், முதல் அத்தியாயத்தையும் இந்த வாரம் பேசப்போவதையும் மட்டும் படித்துவிட்டுப் போங்கள். ஒலி, சொல், குழந்தை பேசக் கற்பது, மூளை என்று இவ்வகைப் புத்தகங்களில் அத்தியாயங்கள் பெரும்பாலும் தனித்தனியாக நிற்பவை. ஆசிரியரின் வாதம் என்னவென்று தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். விட்டதையெல்லாம் பிடிக்கப் பார்த்தால், தஞ்சாவூர்ப் பக்கம் சம்பா அறுவடை முடிந்தும் நீங்கள் பின்னால்தான் இருப்பீர்கள்.

ஆங்கில உதாரணங்களிலும் சிக்கிக்கொள்ள வேண்டாம். ஒலி அத்தியாயம் என்றால், தொண்டையில் விரல் வைத்து 'குப்பம்', 'கும்பம்' என்று நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். முன்னதில் நடுவே அதிர்வு நின்று மீளும்; பின்னதில் நிற்காது. எழுத்து ஒரே ப-தான், ஒலி இரண்டு. அந்த அத்தியாயத்தில் பாதி இதிலேயே பிடிபட்டுவிடும்.

வாக்கிய அமைப்பு பற்றிய அத்தியாயத்துக்கு மட்டும் இந்தக் குறுக்குவழி சரிப்படாது. அதற்கு முன்பே விளக்கிய கலைச்சொற்களை வைத்துத்தான் அதை எழுதியிருப்பார்கள். அப்போது முந்தைய அத்தியாயத்தையும் சேர்த்துப் படியுங்கள், இல்லாவிட்டால் அந்த வாரம் சும்மா கேட்டுக்கொண்டிருங்கள்.