ஒரே மருந்து, பல நோய்கள்: வெற்றி வாய்ப்பைக் கணக்கிடுவது எப்படி?

எதை எண்ணுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 2014-ல் நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் வந்த ஓர் ஆய்வு ஒரே தரவை இரண்டு விதமாக எண்ணியது. ஒவ்வொரு மருந்தும் எந்த நோய்க்கு அதிக தூரம் முன்னேறியதோ அதை மட்டும் எடுத்தபோது, மனிதர்களிடம் நடக்கும் சோதனையின் முதல் கட்டத்திலிருந்து அங்கீகாரம் பெறும் வாய்ப்பு 15.3%. எல்லா நோய்களையும் சேர்த்தபோது 10.4%.

படி 1. அட்டவணையில் ஒரு வரிக்கு ஒரு மருந்து–நோய் இணை. அடாலிமுமாப் என்ற மருந்துக்கு முடக்குவாதம், சொரியாசிஸ், கிரோன் நோய் என்று மூன்று வரிகள் வரும். ஒவ்வொன்றிலும் கட்டம், தொடங்கிய நாள், முடிந்த நாள், நிலை (அடுத்த கட்டத்துக்குப் போனது, நின்றது, நடக்கிறது) ஆகியவற்றைக் குறியுங்கள்.

பலரும் சறுக்கும் இடம் முதல் கட்டம். ஆரோக்கியமானவர்களிடம் நடக்கும் அந்தச் சோதனை எந்த ஒரு நோய்க்கும் உரியதல்ல. மூன்று வரியிலும் அதைப் பதிந்தால் ஒரு வெற்றி மூன்றாகிவிடும். அதை மருந்துக்கு ஒருமுறை மட்டும் எண்ணுங்கள். இணை வாரியான எண்ணிக்கை 2-ஆம் கட்டத்திலிருந்து தொடங்கட்டும். புற்றுநோய் மருந்துகளுக்கு இது பொருந்தாது. அங்கே முதல் கட்டமே பெரும்பாலும் நோயாளிகளிடம்தான் நடக்கிறது.

படி 2. விகிதம் = போனவை ÷ (போனவை + நின்றவை). 40 இணைகளில் 9 போய், 21 நின்று, 10 நடந்துகொண்டிருந்தால் விடை 30%. நடப்பவற்றையும் வகுஎண்ணில் சேர்த்தால் 22.5% என்று தவறாக இறங்கும். நிறுவனங்கள் தோல்வியை எப்போதும் அறிவிப்பதில்லை. சோதனை முடிந்து 2 ஆண்டு சத்தமே இல்லையென்றால் 'நின்றது' என்று கொள்ளுங்கள். பிறகு 3 ஆண்டு என்று வைத்தும் கணக்கிட்டு ஒப்பிடுங்கள்.

படி 3. 3-ல் 2 தேறினால் 67% என்று எழுதிவிடாதீர்கள். அந்த நோய்ப் பிரிவின் பொது விகிதம் 30% என்றால், 3 தேறியதாகக் கொண்டு 10 கற்பனை இணைகளைச் சேருங்கள்: (2+3) ÷ (3+10) = 38%.

படி 4. கட்ட விகிதங்களைப் பெருக்குங்கள். 1, 2, 3-ஆம் கட்டங்களுக்கு 60%, 30%, 60%, அங்கீகார விண்ணப்பத்துக்கு 90% என்றால் சுமார் 9.7%.

படி 5. ஒரு நோய்க்காவது மருந்து தேறுமா? மூன்று நோய்களுக்குத் தனித்தனியே 24%, 20%, 16% என்று வைப்போம். தொடர்பற்றவையாக எண்ணினால் 1 − 0.76 × 0.80 × 0.84 = 49%. இந்த எண்ணை நம்பக்கூடாது. கல்லீரலைப் பாதிக்கும் மருந்து மூன்று சோதனைகளிலும் சேர்ந்தே விழும்.

எனவே வாய்ப்பை இரண்டாகப் பிரியுங்கள். நச்சுத்தன்மை, மருந்து செயல்படும் விதம் போன்ற பொதுத் தடையைத் தாண்டும் வாய்ப்பு 40% என்றால், தாண்டிய பின் ஒவ்வொரு நோயிலும் தேறும் வாய்ப்பு 60%, 50%, 40% (24 ÷ 40, 20 ÷ 40, 16 ÷ 40). விடை 0.4 × (1 − 0.4 × 0.5 × 0.6) = 35%. எத்தனை நோய்களைச் சேர்த்தாலும் 40%-ஐத் தாண்டாது.

அந்த 40%-ஐத் துல்லியமாக அறிய வழி அரிது. நின்ற சோதனைகளின் காரணங்களைப் படித்து, பாதுகாப்புக் குறையைப் பொதுத் தடையிலும், பலன் தராததைப் பெரும்பாலும் அந்தந்த நோயிலும் போடுங்கள். 24%, 20%, 16% என்ற தனி விகிதங்களை மாற்றாமல் பொதுத் தடைக்கு 30%, 60% என இரண்டையும் போட்டுப் பாருங்கள்: விடை 29% முதல் 42% வரை நகரும். அறிக்கையில் இந்த வீச்சையே கொடுங்கள்.