டேலி ஆட்-ஆனுக்கு என்ன விலை சொல்வது?

டேலி கணக்கு சாஃப்ட்வேரில் இல்லாத வசதியைச் சேர்க்கும் சின்ன புரோகிராம்தான் ஆட்-ஆன், அதை எழுதும் மொழி டிடிஎல். திருப்பூரில் ஒரு நூல் கடைக்கு நான் எழுதிக் கொடுத்த முதல் டிடிஎல், செக் பிரிண்ட் பண்ணுவது. ஒரு ராத்திரி வேலை. 500 ரூபாய் வாங்கினேன். அப்புறம் இரண்டு வருடம் அந்த 500-க்கு போன் எடுத்தேன். பேங்க் மாற்றினால் போன், பிரிண்டர் மாற்றினால் போன், அக்கவுண்டன்ட் மாறினாலும் போன்.

எழுத எத்தனை மணி நேரம் ஆனது என்பதை வைத்து விலை போடாதீர்கள். அது முதலாளிக்குத் தேவையில்லாத கணக்கு. பில் போடுகிறவர் பக்கத்தில் ஒரு அரை நாள் உட்காருங்கள். இன்னொரு கடையில் அப்படி உட்கார்ந்தேன். அந்தப் பெண் ஒவ்வொரு மூட்டையின் எடையையும் சீட்டைப் பார்த்து எக்செலில் அடித்து, கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை மறுபடி டேலியில் அடித்துக்கொண்டிருந்தார். லாட் நம்பர் நரேஷனில் (பில்லின் குறிப்புப் பகுதியில்) போகும். ஒரு நாளைக்கு 40 நிமிடம் இதற்கே போனது. மாதம் 26 நாளுக்கு 17 மணி நேரம். அவர் சம்பளத்தை மணிக்கணக்கில் பிரித்தால் 60 ரூபாய் வந்தது. ஆக மாதம் ஆயிரம் சொச்சம், வருடம் 12,000-க்கு மேல். இந்தக் கணக்கை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி முதலாளி முன்னால் வைத்துவிட்டு, இந்த வேலையை மிச்சப்படுத்தும் ஆட்-ஆனுக்கு 4,000 கேட்டேன். பேரம் பேசவே இல்லை. (கம்மியாகக் கேட்டுவிட்டோமோ என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசனை.)

ஏஎம்சியை (வருடாந்தரப் பராமரிப்புக் கட்டணத்தை) முதல் நாளே சொல்லிவிடுங்கள். நான் விலையில் மூன்றில் ஒரு பங்கு வாங்குகிறேன். 2020 கடைசியில் டேலியின் அடுத்த வெர்ஷனான டேலிபிரைம் வந்தபோது திரை அமைப்பே மாறியது. பழைய மெனுக்களில் போய் ஒட்டிக்கொண்டிருந்த என் கோடைத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. ஏஎம்சி கட்டியவர்களுக்கு அது இலவசம், மற்றவர்களுக்குப் பாதி விலை.

கடைக்காரரின் டேலி லைசென்ஸ் வாரியாக விலை வையுங்கள். சில்வர் ஒரு ஆளுக்கு, கோல்ட் ஆபீஸ் நெட்வொர்க்கில் எத்தனை பேருக்கும். கோல்டுக்கு நான் இரட்டிப்பு. டிடிஎல் ஃபைலை அப்படியே கொடுக்காதீர்கள். நோட்பேடில் திறந்தால் மொத்தமும் தெரியும். கோடைப் படிக்க முடியாத டிசிபி ஃபைலாக கம்பைல் செய்து, டேலி சீரியல் நம்பரோடு பூட்டிக் கொடுங்கள். என் பார்கோடு ஃபைல் ஒன்று பென்டிரைவில் ஏறி ஒரு தெரு முழுக்கச் சுற்றிய பிறகுதான் எனக்கு இந்தப் புத்தி வந்தது.

"கொஞ்சம் பார்த்துப் போட்டுக் கொடுங்க" என்பார்கள். விலையைக் குறைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள்: "சரிண்ணா, வாட்ஸ்அப்பில் பில் போவதை எடுத்துடறேன், 3,000 கொடுங்க." பாதிப் பேர் அதுவும் வேண்டும் என்று முழு விலைக்கே திரும்பி வருவார்கள். "எங்களுக்கு மட்டும்தான், வேறு கடைக்குக் கொடுக்கக் கூடாது" என்றால் மட்டும் விலை பத்து மடங்கு. இதுவரை யாரும் ஒத்துக்கொண்டதில்லை.

நீங்கள் ஜிஎஸ்டியில் பதிந்திருந்தால் 18 சதவீதம் தனி என்று கொட்டேஷனிலேயே எழுதுங்கள். ஜிஎஸ்டி உள்ள கடைக்காரர் பொதுவாக அதை இன்புட் எடுத்துக்கொள்வார் (தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வார்), அவருக்கு அது பெரிய சுமையில்லை.

அந்த முதல் கடைக்காரர் போன வாரமும் கூப்பிட்டார், புது பிரிண்டராம். அவரிடம் ஏஎம்சி கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.