மார்ச்சில் ஓரிரவு சைக்கிள் பயணம்: முதலில் தண்ணீரைப் பாருங்கள்
வாஷிங்டன் டி.சி.யிலிருந்து மேரிலாந்து மாநிலத்தின் கம்பர்லாந்து வரை 184.5 மைல் நீளும் சி அண்ட் ஓ (செசபீக் அண்ட் ஒஹாயோ) கால்வாய்ப் பாதையில் மார்ச்சில் கூடாரம் போடப்போகிறீர்களா? முகாம்களின் கைப்பம்புகள் குளிர்காலத்துக்காக மூடப்பட்டிருக்கும். வழக்கமாக ஏப்ரல் நடுவில்தான் திறப்பார்கள். ஆளுக்கு 4 லிட்டராவது ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். வாட்டர் ஃபில்டர் வைத்திருந்தால் இரவில் அதை ஸ்லீப்பிங் பேக்குக்குள் போட்டுத் தூங்குங்கள். ஃபில்டருக்குள் தங்கிய நீர் உறைந்தால், கிருமியை வடிகட்டும் நுண்ணிழைகள் வெடித்துவிடலாம். வெளியே பார்த்தால் தெரியவே தெரியாது, கிருமி மட்டும் தாராளமாக நுழையும்.

பாதை மண்ணும் சரளையும். மழைக்குப் பின் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே சேறு அடைத்துச் சக்கரம் நின்றுவிடும். ஒரு விரல் நுழையும் இடைவெளி விடுங்கள். டயர் 35 மி.மீ.க்குக் குறைய வேண்டாம்.

வியர்த்த பனியனோடு படுத்தால் விடிய விடிய நடுக்கம்தான். உலர்ந்த மாற்றுடுப்பு ஒன்றை நீர்புகாப் பையில் தனியாக வையுங்கள்.