குணச்சித்திர நடிகரைப் பற்றி எழுதப் போகிறீர்களா? வயதில் ஆரம்பியுங்கள்

கதாநாயகனைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்தக் கதாநாயகனுக்கு அப்பாவாக, மாமனாராக, கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளியாக வந்துபோனவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கிடைப்பது ஒரு படப் பட்டியலும், பிறந்த தேதியும், ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதிய நாலு வரியும்தான். இதை வைத்துக்கொண்டு எப்படி எழுதுவது? நான் மதுரைக்காரன் என்பதால் பக்கத்து ஊர்க்காரரான விருதுநகர் வி.கே.ராமசாமியை வைத்தே சொல்கிறேன், நீங்கள் உங்களுக்குப் பிடித்தவரை வைத்துச் செய்து பாருங்கள்.

முதலில் ஒரு நோட்டை எடுத்து மூன்று கட்டம் போடுங்கள். படம் வந்த வருடம், அப்போது அவர் வயது, படத்தில் அவர் போட்ட வேடத்தின் வயது. அவ்வளவுதான். வி.கே.ஆர். பிறந்தது 1926 ஜனவரி 1. 'நாம் இருவர்' வெளிவந்தது 1947 பொங்கலை ஒட்டி. கழித்துப் பார்த்தால் 21, அதனால் 21 வயதில் கிழவர் வேடம் போட்டார் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் ஜனவரி முதல் தேதி 21 முடிந்தவர் அதே ஜனவரியில் வெளிவந்த படத்தில் நடித்துக்கொண்டிருந்தபோது 20 தானே? இப்படிச் சின்னச் சின்னக் கணக்கு போடும்போதுதான் ஆள் நம் பக்கத்தில் வந்து நிற்பார். கட்டத்தை நிரப்பிக்கொண்டே போங்கள். 1986ல் 'மௌன ராகம்' வரும்போது அவருக்கு 60, அதாவது நாற்பது வருடம் கழித்துதான் வயது அவருடைய வேடத்தை எட்டிப் பிடிக்கிறது. கதாநாயகர்கள் ஐம்பதிலும் கல்லூரிக்குப் புத்தகத்தோடு போய்க்கொண்டிருந்த அதே சினிமாவில்தான் இதுவும் நடந்தது!

அடுத்த கேள்வி தானாக வரும்: இருபது வயதுப் பையனுக்கு எப்படி அந்தக் கிழட்டு இழுவை வந்தது? பதில் சினிமாவில் இல்லை, நாடகக் கம்பெனியில் இருக்கிறது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். இதைப் போன்ற பாய்ஸ் கம்பெனிகளில் ராஜா, ராணி, கிழவன், கிழவி எல்லாமே பையன்கள்தான். பத்துப் பன்னிரண்டு வயதில் கூன் போடவும் இருமவும் பழகியவனுக்கு இருபதில் தாத்தா வேடம் பெரிய விஷயமே இல்லை. வி.கே.ஆரும் சின்ன வயதிலேயே நாடகத்துக்குப் போனவர். அதற்காக சுவாமிகளிடமே பாடம் படித்தார் என்று எழுதிவிடாதீர்கள், சுவாமிகள் காலமானது 1922ல்.

சரி, இனி படம் பார்க்க வேண்டும். ஒரே படத்தை மூன்று தடவை. முதல் தடவை டைட்டில் கார்டை நிறுத்தி நிறுத்தி, பெயர் எத்தனையாவதாக வருகிறது, இனிஷியல் எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். 'ராமசாமி' என்று மட்டும் இருந்தால் உஷார், சோவும் ராமசாமிதான். இரண்டாவது தடவை வேறு யாரையும் பார்க்காதீர்கள், அவர் பேசாமல் ஓரமாக நிற்கும் காட்சியில் கை என்ன செய்கிறது, துண்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மூன்றாவது தடவை பார்க்கவே வேண்டாம், துணி மடித்துக்கொண்டே காதால் மட்டும் கேளுங்கள். வி.கே.ஆரின் இழுத்துப் பேசும் குரலில் வியாபாரிகள் ஊரான விருதுநகர்க் கடைவீதி தெரிகிறது என்பது என் கட்சி, நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நான் பட்ட அடி ஒன்று. டைட்டிலை வெட்டிவிட்ட ஒரு டிவிடியைப் பார்த்துவிட்டு, யாரோ போட்ட பட்டியலை நம்பி, அவர் நடிக்காத படத்தைப் பற்றி ஒரு பத்தியே எழுதிவிட்டேன். டீக்கடையில் ஒரு பெரியவர் அதைப் படித்துவிட்டு, "தம்பி, அந்தப் படத்துல அவரு எங்கப்பா இருக்காரு?" என்றார். அன்றிலிருந்து பாட்டுப் புத்தகம் இல்லாமல் எதையும் எழுதுவதில்லை. பழைய பாட்டுப் புத்தகத்தில் நடிகர்கள் பட்டியல் இருக்கும், கதைச் சுருக்கம் இருக்கும், சுவாரஸ்யமான இடத்தில் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நிறுத்தியிருப்பான். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே புது மண்டபத்தில் இருந்த புத்தகக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன, பழைய புத்தகக்காரர்களிடம் விசாரித்துக்கொண்டே இருங்கள், ஒருநாள் மாட்டும்.

பெரியவர்களிடம் பேசும்போது "அவரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஆரம்பித்தால் நல்ல நடிகர் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். எந்தத் தியேட்டர், யாரோடு போனீர்கள், தரை டிக்கெட்டா பெஞ்சா என்று கேளுங்கள். தங்கம் தியேட்டர் என்று சொன்னாலே மதுரையில் பாதிப் பேருக்கு முகம் மாறும். 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்த தியேட்டர் அது, அந்தப் படத்திலும் வி.கே.ஆர். உண்டு, இன்று அந்த இடத்தில் ஜவுளிக்கடை. ஆனால் தேதிக்கு மட்டும் யாருடைய ஞாபகத்தையும் நம்பாதீர்கள். அதற்குப் பழைய பேப்பரின் சினிமா விளம்பரம்தான். தினத்தந்தி 1942ல் பிறந்ததே மதுரையில்.

ஊர் ஊராகப் போக முடிந்தால் போய்வாருங்கள். 'நாம் இருவர்' எடுத்தது சென்னையில் இல்லை, காரைக்குடியில் ஏவி.எம். போட்டிருந்த ஸ்டுடியோவில். அதன் நாயகன் டி.ஆர்.மகாலிங்கம் சோழவந்தான்காரர், கிழவராக வந்தவர் விருதுநகர்க்காரர். எல்லாம் நமக்கு ஒரு பஸ் தூரம்.

நடிப்பைத் தவிர வேறென்ன செய்தார் என்பதையும் விடாதீர்கள். ஏ.பி.நாகராஜனோடு சேர்ந்து படத் தயாரிப்பில் இறங்கியவர் வி.கே.ஆர்., சிவாஜி கொங்குத் தமிழ் பேசிய 'மக்களைப் பெற்ற மகராசி' (1957) அப்படி வந்ததுதான். அப்பா வேடக்காரர் என்றே பார்த்துப் பழகியதால் இது பலருக்குத் தெரிவதில்லை.

கடைசியாக மறைவுச் செய்தி. வி.கே.ஆர். காலமானது 2002 டிசம்பர் 24, எம்.ஜி.ஆர். நினைவு நாளும் அதுவே. மறுநாள் பேப்பரைப் புரட்டும்போது மாலை போடும் படங்களைப் பார்த்துவிட்டு வேகமாகத் தள்ளிவிடாதீர்கள், உங்கள் ஆள் உள்ளே எங்கேயாவது ஒரு பக்கத்தில்தான் இருப்பார்.